மருந்துக்கு அடங்காத கிருமி அடுப்புக்கு அடங்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிராய்லர் கோழியில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் எவ்வளவு வேகவைத்தாலும் அது சாகாதா? மஞ்சளும் உப்பும் போட்டு நாலைந்து தடவை கழுவினால் போதுமா?
– வாசகி, திங்கள்சந்தை

பதில்: வேகவைத்தால் சாகும். மருந்தைத் தாங்குவது வேறு, சூட்டைத் தாங்குவது வேறு. ஆன்டிபயாட்டிக்கைச் சிதைக்கும் நொதி, கோழிக்கறியில் இருக்கும் சால்மோனெல்லா என்ற கிருமியிடம் இருக்கலாம். அதனால் அதற்கு நெருப்பைத் தாங்கும் வலு வந்துவிடாது. கறித்துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால் மருந்துக்கு அடங்கும் சால்மோனெல்லா, அடங்காத சால்மோனெல்லா இரண்டும் ஒழிந்துவிடும். தொடைத்துண்டைப் பிளந்து பாருங்கள். எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் வேக வேண்டும். ஃப்ரீசரில் உறைந்த கறியை அப்படியே எண்ணெயில் போட்டால் மேலே முறுகி, உள்ளே பச்சையாக நிற்கும். முந்தின நாளே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள்.

உண்மையான ஆபத்து அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்தில் இருக்கும் தட்டிலும், நறுக்கிவைத்த வெள்ளரிக்காயிலும், கைப்பிடித் துணியிலும் விழுகின்றன. அவை எதுவும் அடுப்பில் ஏறப்போவதில்லை. மஞ்சளும் உப்பும் வாடையைக் குறைக்கும். சில நிமிடத்தில் சால்மோனெல்லாவைக் கொல்லாது. கழுவாமல் சமைப்பதுதான் நல்லது. ஆனால் நம் ஊர் அடுக்களையில் கழுவாத கோழிக்கு இடமில்லை என்பது தெரியும். அதனால் இப்படிச் செய்யுங்கள். காய்கறி, தேங்காய் வேலையெல்லாம் முதலில் முடித்து அப்புறப்படுத்துங்கள். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கறியை முக்கி மெல்ல அலசி, தண்ணீரைச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். சிங்க்கையும் வெட்டுப்பலகையையும் சோப்பால் தேய்த்தபின், ஒரு லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, 10 நிமிடம் விட்டு அலசுங்கள். கத்தி வடு ஆழமாக விழுந்த மரப்பலகையை மாற்றிவிடுங்கள். அந்த வடுவுக்குள் சோப்பு போகாது.

இன்னொன்று. நேற்று வைத்த மீன்கறிதான் ருசி என்று சட்டியை வெளியிலேயே வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. மீன்கறியில் உள்ள புளி கிருமியை ஓரளவு தடுக்கிறது. வறுத்தரைத்த கோழிக்கறியில் அந்தக் காப்பு இல்லை. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாண்டிப் பிழைத்து, கறி ஆறும்போது முளைத்துப் பெருகும். பெரிய சட்டி நடுவில் மணிக்கணக்காகச் சூடாகவே இருக்கும். அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: முட்டையை வாங்கியதும் கழுவி வைக்கலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: வேண்டாம். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய இயற்கைப் படலம் போய்விட்டால் நுண்துளை வழியாகக் கிருமி உள்ளே போகும். எச்சம் ஒட்டியிருந்தால் உடைப்பதற்குச் சற்று முன் கழுவுங்கள்.

கேள்வி: தேரூர் குளத்துக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன. அவை மருந்துக்கு அடங்காத கிருமியைக் கொண்டுவருகின்றனவா? விரட்டலாமா?
– வாசகர், சுசீந்திரம்

பதில்: விரட்ட வேண்டாம். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளால்தான் அந்தப் பெருமை. இந்தக் காட்டுப் பறவைகளுக்கு யாரும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை. ஆனாலும் மனித நடமாட்டம் மிகக் குறைந்த ஆர்க்டிக் பகுதிப் பறவைகளிடமே மருந்து எதிர்ப்புள்ள ஈ.கோலை என்ற குடல் கிருமி கண்டறியப்பட்டு, 2008இல் அந்த ஆய்வு வெளியானது. சாக்கடையிலிருந்தும், குப்பைமேட்டிலிருந்தும், கரையோரம் கொட்டிய கோழிக் கழிவிலிருந்தும் பறவைகள் அதைப் பொறுக்குகின்றன. பறந்து போகும் இடத்தில் எச்சத்தோடு விடுகின்றன. முதலில் அழுக்காக்கியது நாம்தான். கோழிக்கடைக் குடலையும் இறகையும் மூட்டை கட்டிக் குளக்கரையில் போடுவதை நிறுத்தினாலே பருந்து, காகம், கொக்கு வழியாகப் பரவும் பாதை ஒன்று அடைபடும்.

வீட்டில் செய்ய வேண்டியது: மொட்டைமாடித் தொட்டிக்கு இறுக்கமான மூடி, வழிகுழாய்க்கு வலை. வீட்டுக் கோழி, வாத்துக்குத் தீனியும் தண்ணீரும் கூரைக்கடியில். குளத்துத் தண்ணீரில் பச்சையாகத் தின்னும் எதையும் கழுவக் கூடாது. செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: கோழிக்குஞ்சு கழிச்சல் கண்டால் கடையில் தரும் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறோம். முட்டை, கறி விற்கலாமா?
– கோழி வளர்ப்பவர், அருமனை

பதில்: உடனே விற்கக் கூடாது. பாக்கெட்டில் வேறு காலம் அச்சிடப்படவில்லை என்றால், கடைசி மருந்து கொடுத்த நாளிலிருந்து முட்டைக்கு 7 நாள், கறிக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பவுடரில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்திருந்தால் வாங்கவே வேண்டாம். மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019இல் மத்திய அரசு தடைசெய்தது. கழிச்சலுக்குக் காரணம் ரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணியாகவோ வெள்ளைக் கழிச்சல் வைரஸாகவோ இருக்கலாம். வைரஸை எந்த ஆன்டிபயாட்டிக்கும் தொடாது. ஒட்டுண்ணிக்குத் தனி மருந்து உண்டு. பவுடர் கொடுப்பதற்கு முன் எச்சத்தையும், செத்த குஞ்சு ஒன்றை இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டியும், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தரையில் போட்ட உமி ஈரமாக இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ஒட்டுண்ணியின் முட்டை வீரியம் பெறுவதற்கு அந்த ஈரம்தான் வேண்டும்.