ஹைப்பர்ஸ்தீன் என்று இன்னும் எழுதலாமா?

கேள்வி: சென்னைப் பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறையில் இருக்கும் கனிமம் ஹைப்பர்ஸ்தீன் என்றுதான் பழைய நூல்களில் படித்தோம். ஆய்வேட்டில் அப்படியே எழுதினேன். வழிகாட்டி அதை அடித்துவிட்டு 'ஆர்த்தோபைராக்சீன்' என்று போட்டார். ஏன்?
– முதுகலை மாணவி, திருச்சி

பதில்: வழிகாட்டி செய்தது சரிதான். ஆர்த்தோபைராக்சீன் என்பது மக்னீசியம், இரும்பு சிலிக்கேட் கனிமத் தொடர்; அதில் இந்த இரண்டும் எந்த விகிதத்திலும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொள்ளும். அந்தத் தொடரை முன்பு ஆறு துண்டாக வெட்டியிருந்தார்கள். இரும்புப் பங்கு 10 விழுக்காடு வரை என்ஸ்டடைட், 30 வரை பிரான்சைட், 50 வரை ஹைப்பர்ஸ்தீன், 70 வரை ஃபெரோஹைப்பர்ஸ்தீன், 90 வரை யூலைட், அதற்கு மேல் ஆர்த்தோஃபெரோசிலைட். இந்த எல்லைகளில் படிக அமைப்பு எதுவும் மாறுவதில்லை. வசதிக்காகப் போட்ட கோடுகள்தான். பன்னாட்டுக் கனிமவியல் சங்கத்தின் பைராக்சீன் துணைக்குழு 1988இல் 105 பெயர்களைக் கைவிட்டபோது ஹைப்பர்ஸ்தீனும் போயிற்று. இப்போது 50 விழுக்காட்டில் ஒரே கோடு: மக்னீசியம் மிகுந்தால் என்ஸ்டடைட், இரும்பு மிகுந்தால் ஃபெரோசிலைட்.

சார்னோக்கைட் என்ற பாறைப் பெயருக்கு இதனால் ஆபத்தில்லை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து 1893இல் புவியியலாளர் ஹாலந்து சூட்டிய பெயர் அது. அவருடைய 1900ஆம் ஆண்டு நூலை மேற்கோள் காட்டும்போது அவர் எழுதிய 'ஹைப்பர்ஸ்தீன்' அப்படியே நிற்கட்டும். திருத்தினால் மேற்கோள் பொய்யாகிவிடும். உங்கள் சொந்த விவரிப்பில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் நுண்ணோக்கி மட்டுமே உண்டு. அதை வைத்து என்ஸ்டடைட்டா ஃபெரோசிலைட்டா என்று சொல்ல முடியுமா?
– விரிவுரையாளர், சேலம்

பதில்: உறுதியாகச் சொல்ல முடியாது. ஆர்த்தோபைராக்சீன் என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. அதைச் சொல்லவும் சில சோதனைகள் வேண்டும்.

முதலில் சீவலின் (நுண்ணோக்கியில் பார்க்கத் தேய்த்த மெல்லிய பாறைத் துண்டு) தடிமன். 0.03 மில்லிமீட்டரில், குறுக்குத் துருவ ஒளியில், குவார்ட்ஸ் சாம்பல், வெள்ளை நிறம் காட்டும். மஞ்சளடித்தால் சீவல் தடிமன். இன்னும் தேய்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு நிறத்தை நம்பினால் ஆர்த்தோபைராக்சீன், அதே குடும்பத்தில் படிக அமைப்பு வேறான கிளைனோபைராக்சீன் போலத் தெரியும். சரியான தடிமனில் ஆர்த்தோபைராக்சீனின் குறுக்கீட்டு நிறம் (குறுக்குத் துருவ ஒளியில் தெரியும் நிறம்) நிற அட்டவணையின் முதல் வரிசைக்குள், மஞ்சள், ஆரஞ்சு அளவில் நின்றுவிடும். கிளைனோபைராக்சீன் இரண்டாம் வரிசைக்கு ஏறும்.

அடுத்து, பிளவுக் கோடுகள் ஒரே திசையில் ஓடும் துகள்களில் அதிக நிறம் காட்டுவதைத் தேர்ந்தெடுத்து மேடையைச் சுழற்றுங்கள். பிளவுக் கோடு நுண்ணோக்கியின் குறுக்குக் கம்பிக்கு இணையாகும்போது துகள் இருள வேண்டும். தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான்: சாய்வாக வெட்டுப்பட்ட துகள் கோணத்தில் இருளும், உடனே 'கிளைனோ' என்று எழுதிவிடுவார்கள். ஒரு துகளோடு முடிவு செய்யாமல் ஏழெட்டைப் பாருங்கள். ஒற்றைத் துருவ ஒளியில் வெளிர் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர் பச்சைக்கு மாறுவது நல்ல அடையாளம்தான், ஆனால் ஆண்டலூசைட்டும் இளஞ்சிவப்புக் காட்டும். அதன் நீளவாக்கில் அதிரும் ஒளி வேகமாகச் செல்லும், ஆர்த்தோபைராக்சீனில் மெதுவாகச் செல்லும். ஜிப்சம் தகட்டைச் செருகினால் தெரிந்துவிடும். ஹார்ன்பிளெண்ட் என்றால் பிளவுகள் 56°, 124° கோணத்தில் வெட்டும். பைராக்சீனில் ஏறத்தாழ 90°.

ஒளியச்சுக் கோணத்தை (படிகத்தின் இரு ஒளியச்சுகளுக்கு இடைப்பட்ட கோணம்) அளந்து சேர்க்கையைக் கணிக்கும் பழைய வழியும் கைகொடுக்காது. தொடரின் நடுவில் கோணம் குறைந்து இரு பக்கமும் ஏறுவதால், ஒரே அளவு இரண்டு சேர்க்கைகளுக்குப் பொருந்தும்.

கேள்வி: எலெக்ட்ரான் நுண்சோதனை முடிவு வந்திருக்கிறது: மக்னீசியம் ஆக்சைடு 19.5, இரும்பு ஆக்சைடு 27.0 விழுக்காடு. இரும்பு அதிகம், ஆகவே ஃபெரோசிலைட் என்று எழுதலாமா?
– ஆய்வு மாணவர், மதுரை

பதில்: எடையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அணுக்களை எண்ண வேண்டும். அதற்கு ஒவ்வோர் ஆக்சைடையும் அதன் மூலக்கூறு எடையால் வகுக்க வேண்டும். 19.5 ÷ 40.30 = 0.484. 27.0 ÷ 71.84 = 0.376. மக்னீசியத்தின் பங்கு 0.484 ÷ 0.860, அதாவது 56 விழுக்காடு. ஆகவே இது என்ஸ்டடைட். பெயரோடு அந்த 56ஐயும் எழுதுங்கள். வெறும் 'என்ஸ்டடைட்' என்பது பழைய 'ஹைப்பர்ஸ்தீனை' விடக் குறைவான தகவல்தான் தரும். (பெயர்களைக் குறைத்ததில் எனக்குள்ள ஒரே மனக்குறை அது.)

கணக்கிடுமுன் ஆக்சைடுகளின் மொத்தம் 98.5க்கும் 101க்கும் இடையில் இருக்கிறதா, 6 ஆக்சிஜனுக்கு 4 நேரயனிகள் வருகின்றனவா என்று சரிபாருங்கள். கால்சியம் பங்கு 5 விழுக்காட்டைத் தாண்டினால், நுண்சோதனைக் கருவியின் மின்கற்றை, உள்ளே பிரிந்திருக்கும் கிளைனோபைராக்சீன் மென்தகட்டையும் தொட்டிருக்கலாம். இடம் மாற்றி மறுபடி அளக்கவும்.

கேள்வி: நார்ம் கணக்கில் வரும் 'ஹை' என்பதையும் மாற்றவேண்டுமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். நார்ம் என்பது பாறையின் வேதிப் பகுப்பாய்விலிருந்து என்னென்ன கனிமங்கள் வரும் என்று கணக்கிடும் முறை. 'ஹை' (ஹைப்பர்ஸ்தீன்) அந்தக் கணக்குக்கான குறியீடு; நான்கு அமெரிக்கப் பாறையியலாளர்கள் வகுத்த முறையில் அப்படியே நிற்கிறது. பாறையில் பயோட்டைட் மட்டுமே இருந்தாலும் 'ஹை' வரும், அதை வைத்துக் கனிமம் இருப்பதாக எழுதிவிடாதீர்கள். இன்னொன்று: ஆய்வகம் இரும்பு முழுவதையும் ஃபெரிக் ஆக்சைடாகத் தந்து, நீங்கள் அதைப் பிரிக்காமல் இட்டால் 'ஹை' குறைந்து குவார்ட்ஸ் வீங்கும். ஃபெரஸ் அளவைத் தனியாக அளந்து வாங்குங்கள். முடியாவிட்டால் எந்த விகிதத்தில் பிரித்தீர்கள் என்பதை அட்டவணையின் கீழே எழுதுங்கள்.