கே.ஆர். நாராயணன் நூற்றாண்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் சார்பில் முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனின் நூற்றாண்டைப் பொது நிகழ்ச்சியாகக் கொண்டாட நினைக்கிறோம். 2020 அக்டோபரில் கொரோனா காலம் என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இவ்வளவு தாமதமாகச் செய்வது பொருத்தமா என்று சிலர் கேட்கிறார்கள். மாவட்ட அளவில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாம், அப்புறம் படத்திறப்பு, 'வறுமையை வென்ற மாமனிதர்' என்ற தலைப்பில் மாணவர்களுக்குப் பேச்சுப்போட்டி, பீஸ் கட்டாததால் அவர் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டதைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம். இவ்வளவுதான் திட்டம். அழைப்பிதழில் 'முதல் தலித் குடியரசுத் தலைவர்' என்று போடலாமா, அது அவரைச் சுருக்குவதாகிவிடுமா என்றும் எங்களுக்குள் ஒரு விவாதம். உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தேதியைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1920 அக்டோபர் 27 என்பது அவரைப் பள்ளியில் சேர்த்தபோது மாமா குத்துமதிப்பாகச் சொன்ன தேதி. உண்மையில் பிறந்தது 1921 பிப்ரவரி 4 என்றும் பிற்பாடு சொல்லப்பட்டது. ஆனாலும் பதிவேட்டில் இருந்ததையே அவர் கடைசிவரை வைத்துக்கொண்டார். கேரளத்தின் உழவூரில் ஒரு கூரை வீட்டில் நான்காவது குழந்தை பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. நாட்டின் முதல் குடிமகனானவருக்கே பிறந்தநாள் மாமா சொன்னதுதான். ஆகவே எந்த நாளில் செய்தாலும் அது சரியான நாள்தான்.

சிறப்பு விருந்தினர் யார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. யாரை அழைத்தாலும் சரி, அவர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைக்காதீர்கள். படத்திறப்பைச் செய்துகொள்ளுங்கள், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

'தலித்' என்று போடலாமா என்கிறீர்கள். போடுங்கள், தயங்காதீர்கள். 1943இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றவருக்கு விரிவுரையாளர் வேலை கிடைக்கவில்லை. பட்டத்தை வாங்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அந்த இளைஞரின் சாதியை அன்று யாரும் மறக்கவில்லை. இன்று நூற்றாண்டு விழா எடுக்கும் நாம் மட்டும் பெருந்தன்மையாக மறந்துவிடுவது யாருக்கு வசதி என்று உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரியால்தான். இதையே கொஞ்ச நாளாக மனதில் போட்டு உழற்றிக்கொண்டிருந்தேன். எந்தத் தலைவரின் பிறந்தநாளுக்குப் போனாலும், மேடையில் ஏறுகிறவர்கள் அவர் பட்ட துன்பத்தைச் சொல்கிறார்கள், கண்கலங்குகிறார்கள், அப்புறம் அவர் அடைந்த பதவியைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவே அந்த மனிதர் பதவியில் உட்கார்ந்து என்ன வேலை செய்தார் என்ற பகுதி மட்டும் காணாமல் போய்விடுகிறது. நாராயணன் விஷயத்தில் இது மிக மோசம். குறிச்சித்தானம் பள்ளிக்கு வயல் வரப்பில் தினமும் பல மைல் நடந்தது எல்லாருக்கும் தெரியும். வெளியே நின்று பாடம் கேட்டது தெரியும். ஆஸ்துமாவால் வீட்டோடு இருந்த அண்ணன், இரவல் வாங்கிய புத்தகங்களைக் கையால் நகலெடுத்துக் கொடுத்ததுகூடச் சிலருக்குத் தெரியும். 1997இலும் 1998இலும் குடியரசுத் தலைவர் மாளிகையில் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். உங்கள் வாசகர் வட்டத்திலேயே எத்தனை பேர் சொல்வார்கள்?

அந்த நாடகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பையன் வெளியே நிற்பான், முகத்தில் ஏக்கம் இருக்கும், பின்னணியில் சோக இசை. ஐந்து நிமிடத்தில் அதே பையனுக்குக் கோட்டு மாட்டிவிட்டுத் தேசிய கீதம் பாடுவீர்கள். பார்க்கிற பிள்ளைகளுக்கு என்ன பதியும்? வெளியே நிற்க வைத்தாலும் கவனமாகக் கேட்டால் உயரலாம் என்றுதான் பதியும். அவனை வெளியே நிறுத்தியவர் யார் என்று ஒரு பிள்ளையும் கேட்காது. ஏனென்றால் உங்கள் நாடகத்தில் அந்த ஆசிரியருக்கும் அந்த விதிக்கும் வேஷம் இல்லை. ஒரு குழந்தைக்கு நாம் செய்த கொடுமையை, அந்தக் குழந்தையின் பெருமையாக மாற்றி நாமே கைதட்டிக்கொள்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை, தம்பி. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் என்னோடு ஒருவன் படித்தான். ஸ்பெஷல் பீஸ் கட்டாதவர்கள் வராந்தாவில் நிற்க வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் விதி. அவன் ஜன்னல் திண்டில் நோட்டை வைத்து, கம்பிக்கு நடுவே கையை விட்டு எழுதுவான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கரும்பலகையின் ஒரு ஓரம் தெரியாது. ஜன்னலோர பெஞ்சில் நான். தெரியாத பகுதியில் இருப்பதை வாய்க்குள் முணுமுணுத்துச் சொல்வேன், அவன் எழுதிக்கொள்வான். கணக்கு வாத்தியார் தங்கமான மனிதர். கேள்வி கேட்கும்போது அவனையும் விடமாட்டார். அவன் வெளியிலிருந்து பதில் சொல்வான், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 'வெரி குட்' என்பார். அப்புறமும் அவன் அங்கேயேதான் நிற்பான். அந்த வகுப்பில் ஒருவருக்கும் அதில் ஏதோ தப்பு இருப்பதாகப் படவே இல்லை. மழைச் சாரல் அடித்தால் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பான்.

ஒன்பதாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. இப்போது வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். எந்த இரும்புச் சட்டத்தைக் கொடுத்தாலும் கோணம் பார்க்காமல் வெட்டுவான், பிசகாது. கணக்கு அப்படியே கையில் நிற்கிறது. அவனும்தான் வெளியே நின்று பாடம் கேட்டான். அவனுக்கு யார் நாடகம் போடுவது? வெளியே நின்றவர்களில் ஒருவர் ராஷ்டிரபதி பவனுக்குப் போனார். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பதற்கு நூற்றாண்டு விழாவைவிட நல்ல இடம் கிடையாது.

'வறுமையை வென்ற மாமனிதர்' என்ற தலைப்பிலும் இதே கோளாறுதான். வறுமை தோற்று ஓடிவிடவில்லை. அந்த அண்ணனின் கை இருந்தது. வேலை கிடைக்காமல் டெல்லிக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்த பிறகு, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர டாடா உதவித்தொகை இருந்தது. அங்கே பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கி நேருவுக்கு எழுதிக்கொடுத்த கடிதம் இருந்தது. 1949இல் வெளியுறவுப் பணி. ஒரு மனிதரை மேலே தூக்கிய கைகளையெல்லாம் அழித்துவிட்டு, தானே வென்றார் என்று பிள்ளைகளிடம் சொன்னால், வெல்ல முடியாத பிள்ளை தன்னைத்தான் நொந்துகொள்ளும்.

இப்போது அவர் செய்த வேலையைச் சொல்கிறேன்.

1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தில் பெரிய ரகளை நடந்தது. முதலமைச்சர் கல்யாண் சிங் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றிருந்தார். அப்படியிருந்தும் அவருடைய பா.ஜ.க. ஆட்சியைக் கலைக்கும்படி டெல்லியில் பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவை பரிந்துரைத்தது. நாராயணன் கையெழுத்துப் போடவில்லை. மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கோப்பைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அந்த யோசனையைக் கைவிட்டது. அவரைக் குடியரசுத் தலைவர் ஆக்குவதில் முன்னின்ற ஐக்கிய முன்னணியின் அரசுதான் அது. பதவியேற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் நிலைமை தலைகீழ். டெல்லியில் வாஜ்பாய் அரசு, கலைக்கச் சொன்னது பீகாரில் லாலு கட்சியின் ராப்ரி தேவி ஆட்சியை. அதையும் திருப்பி அனுப்பினார். 1999 பிப்ரவரியில் அமைச்சரவை மறுபடி பரிந்துரைத்தபோது கையெழுத்திட்டார். ஏனென்றால் அதுதான் அரசியல் சட்டம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 74ஆவது பிரிவு, அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்கிறது. நெருக்கடி நிலைக்குப் பிறகு, 1978இல் வந்த 44ஆவது திருத்தம் அதில் ஒரு சின்ன வாசலைத் திறந்தது. ஒரே ஒருமுறை, மறுபடி யோசியுங்கள் என்று அவர் கேட்கலாம். இரண்டாவது முறை வந்தால் ஏற்றே ஆக வேண்டும். அவ்வளவுதான் அவர் கையில் இருந்த அதிகாரம். அந்தச் சின்ன இடத்தைச் சரியாகப் பயன்படுத்தி, ஒருமுறை பா.ஜ.க. ஆட்சியையும் இன்னொரு முறை, அப்போதைக்காவது, லாலு கட்சியின் ஆட்சியையும் காப்பாற்றினார். இரண்டு பக்கத்தாரும் அவரைத் தங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போனது. இன்று அவருக்கு விழா எடுக்க ஆள் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, முக்கியமான முடிவுகளை ஏன் எடுத்தேன் என்று மாளிகையிலிருந்தே அறிக்கை வெளியிட்டார். 1998இல் யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நிலையில் வாஜ்பாயை ஆட்சியமைக்க அழைத்தபோது, ஆதரவுக் கடிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, காரணத்தையும் மக்களுக்குச் சொன்னார். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் சாதாரண வாக்காளரைப் போல வரிசையில் நின்று வாக்களித்தார். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் வாக்களித்தது அதுவே முதல்முறை. நிற்கிற காட்சிதான் வேண்டும் என்றால் இந்தக் காட்சியை நாடகமாகப் போடுங்கள்.

2000 ஜனவரி 27இல், குடியரசின் பொன்விழாவுக்காக நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பேசினார். அரசியல் சட்டத்தையே மறுஆய்வு செய்ய வேண்டும் என்று ஆட்சியாளர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம். அரசியல் சட்டம் நம்மைக் கைவிட்டதா, நாம் அதைக் கைவிட்டோமா என்று அவர்களை முன்னால் வைத்துக்கொண்டே கேட்டார். அன்று தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரலை உயர்த்தவே இல்லை. தாளைப் பார்த்துத்தான் வாசித்தார். ஆனால் எந்தச் சொல்லையும் மென்று விழுங்கவில்லை.

நினைவுச் சின்னங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோட்டயம் மாவட்டத்தில் அவர் பெயரில் ஒரு திரைப்படக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே 2022 டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாதிப் பாகுபாடும் இட ஒதுக்கீட்டு மீறலும் நடக்கிறது என்பது அவர்கள் புகார். மறு மாதம் இயக்குநர் பதவி விலகினார். வாசலில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கல்லில் பெயரை வெட்டிவிட்டு, அந்தப் பெயருக்குரியவர் எதற்காக நின்றார் என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே பேச்சுப்போட்டியை விட்டுவிடுங்கள். மனப்பாடம் செய்த ஒரே பேச்சை இருபது பிள்ளைகள் வாயால் கேட்டு யாருக்கு என்ன லாபம்? பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, 74ஆவது பிரிவை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். உத்தரப் பிரதேசக் கதையையும் பீகார் கதையையும் கட்சிப் பெயர்களை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு குழு அமைச்சரவை, ஒரு பிள்ளை குடியரசுத் தலைவர். கையெழுத்தா, திருப்பி அனுப்புவதா? எதுவானாலும் காரணத்தை அரைப் பக்கம் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு கட்சிப் பெயர்களைச் சொல்லுங்கள். தங்கள் முடிவை மாற்றிக்கொள்ளத் தோன்றுகிறதா என்று கேளுங்கள். பெற்றோரும் உட்கார்ந்து பார்க்கட்டும்.

நாடகம் வேண்டவே வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் போடுங்கள், ஆனால் அந்த விதியை எழுதியவரை மேடைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் வசனம் கொடுங்கள். ஒத்திகைக்கு முன்னால் உங்கள் ஊர்ப் பள்ளிகளில் இன்று யாராவது, எந்தக் காரணத்துக்காகவாவது, வெளியே நிற்கிறார்களா என்று விசாரியுங்கள். தனியார் பள்ளிகளையும் சேர்த்துத்தான். பீஸ் பாக்கி என்று பரீட்சை எழுத விடாமல் உட்கார வைத்த பிள்ளை ஒன்றாவது இருந்தால், பந்தலுக்கு வசூலித்த பணம் முதலில் அங்கே போகட்டும். பந்தல் இல்லாமல் நூலகத்துக்குள்ளேயே விழாவை நடத்திக்கொள்ளலாம்.

அந்த 2000 ஜனவரி உரையைத் தமிழாக்கி, ஆளுக்கு ஒரு பத்தியாகப் பொதுமக்களே வாசிக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். மொழிபெயர்ப்பில் சிக்கல் வந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். நாள் முடிவானதும் எழுதுங்கள், கட்டாயம் வருகிறேன். மேடையில் நாற்காலி போட வேண்டாம், வாசிக்க ஒரு பத்தி ஒதுக்கினால் போதும்.

அன்புடன்.