ஆம்பியர் பார்த்ததும் படுத்துவிட்ட பேட்டரி

கேள்வி: பிடோக் ஜெட்டியில் இரவு மீன்பிடிக்கப் போகும்போது கொண்டுபோகும் டார்ச்லைட்டுக்கு 18650 லித்தியம் பேட்டரி ஒன்றை 14 வெள்ளிக்கு வாங்கினேன். வாங்கி மூன்று வாரம் ஆகிறது. உறையில் கொள்ளளவு '9,900 எம்ஏஎச்', கூடவே 'புரொடெக்டட்' (பாதுகாப்புச் சுற்று உள்ளது) என்று போட்டிருக்கிறது. மல்டிமீட்டர் 4.1 வோல்ட் காட்டியது. எத்தனை ஆம்பியர் தரும் என்று பார்க்க, சிவப்பு வயரை 10ஏ துளைக்கு மாற்றி இரு முனையிலும் வைத்தேன். பொறி பறந்தது. அதிலிருந்து மீட்டரில் பூஜ்யம், டார்ச்சும் எரியவில்லை. "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்கிறார் கடைக்காரர். மாற்றித் தரக் கேட்கலாமா?
– வாசகர், தெம்பனீஸ்

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. 10ஏ துளையில் செருகிய மீட்டர் வெறும் கம்பி மாதிரிதான். அதை பேட்டரியின் இரு முனையிலும் வைத்தால் நேரடி ஷார்ட். ஒரு நொடியில் பல பத்து ஆம்பியர் பாயும். ஆனால் பேட்டரி செத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

முதலில் சிவப்பு வயரை 'V' துளைக்குத் திருப்பினீர்களா என்று பாருங்கள். பலர் குமிழை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டு வயரை 10ஏ துளையிலேயே விட்டுவிடுகிறார்கள். மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். தொடும்போதெல்லாம் இன்னொரு ஷார்ட் வேறு. புது ஏஏ பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டினால் மீட்டர் சரி.

அடுத்து ஸ்கேலை எடுங்கள். வெறும் 18650 செல் 65 மில்லிமீட்டர் நீளம். பாதுகாப்புச் சுற்று வைத்தது அதைவிட நீளம், சாதாரணமாக 68 முதல் 70 வரை இருக்கும். எதிர்முனையில் (மைனஸ்) அந்தச் சுற்றின் வட்டமான சிறு பலகை தெரியும். அங்கிருந்து மெல்லிய தகடு ஒன்று உறைக்கு அடியில் நேர்முனைவரை ஓடுவதை விரலால் தடவி உணரலாம்.

பலகை இருந்தால் நல்ல செய்தி. ஷார்ட் ஆனதும் அது வழியை அடைத்துவிட்டது, அவ்வளவே. லித்தியம் சார்ஜரில் சில நொடி போட்டு எடுத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். சில 'ஸ்மார்ட்' சார்ஜர்கள் பூஜ்ய வோல்ட் பேட்டரியை ஏற்காது. சாதாரண லித்தியம் சார்ஜரில் முயலுங்கள். இன்னொரு பேட்டரியைக் கம்பியால் இணைத்து 'எழுப்பும்' வேலை மட்டும் வேண்டாம். மறுபடி 4 வோல்ட் அளவில் காட்டினால் ஒரு வாரம் சும்மா வைத்து அளந்து பாருங்கள். கணிசமாக இறங்கியிருந்தாலோ, சார்ஜில் சூடேறினாலோ கழித்துவிடுங்கள்.

பலகை இல்லை, 65தான் என்றால் நேர்முனை மூடிக்குள் இருக்கும் துண்டிப்பான் விழுந்திருக்கலாம். அது ஒருமுறைதான் வேலை செய்யும். மூடியைக் குத்தித் திறக்க முயலாதீர்கள்.

இனிக் கடை விவகாரம். குறையுள்ள பொருளுக்கு நிவாரணம் தரும் சிங்கப்பூரின் லெமன் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. ஷார்ட் செய்ததை நீங்களே சொல்லிவிட்டதால் அந்த வாதம் இங்கே எடுபடாது. உங்கள் பிடி வேறிடத்தில் இருக்கிறது. நல்ல தயாரிப்பாளர்களின் 18650 செல்லிலேயே சுமார் 3,500 எம்ஏஎச்தான் எதிர்பார்க்கலாம். 9,900 என்பது சுத்தப் புளுகு. 'புரொடெக்டட்' என்று எழுதியும் உள்ளே பலகை இல்லையென்றால் அது இரண்டாவது புளுகு. விளம்பியபடி பொருள் இல்லை என்று ரசீதோடும் உறையின் படத்தோடும் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது. அதற்குமேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 14 வெள்ளிக்கு அவ்வளவு தூரம் அலைவீர்களா என்பது உங்கள் விருப்பம்.

வேப் கருவியிலிருந்து கழற்றியது என்று யாராவது மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள். பல கருவிகளில் இதே அளவு செல்தான், ஆனால் அநேகமாகப் பாதுகாப்புப் பலகை இல்லாதது. கருவியை வைத்திருப்பதே இங்கு 2018 பிப்ரவரி முதல் குற்றம்.

அடுத்த முறை ஆம்பியர் பார்க்க ஆசைப்பட்டால் டார்ச்சின் பின்மூடியைக் கழற்றி, ஒரு முனையை பேட்டரியின் அடியிலும் மற்றதைக் குழாயின் விளிம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். விளக்கு மீட்டர் வழியாக எரியும். காட்டும் எண் விளக்கு இழுக்கும் ஆம்பியர்.

கழிப்பதென்றால் இரு முனையிலும் டேப் ஒட்டி மின்கழிவுச் சேகரிப்பில் சேருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் குப்பைக் குழாயில் போடாதீர்கள். உப்பியதையோ கசிந்ததையோ பொதுப் பெட்டியில் போடாமல், ஆள் இருக்கும் சேகரிப்பு இடத்தில் சொல்லிக் கொடுங்கள்.