இடதுகை பேஸ் கிற்றார்: பிரிட்ஜ் பற்றிய கேள்வி பதில்

உப்புவெளியிலிருந்து: மெல்லிய ஜி தந்தி, கழுத்தின் மேலுள்ள விரல் பலகையின் விளிம்பிலிருந்து வழுக்குகிறது, அண்ணா. உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கழற்றி வேறு துளை போடலாமா?

துளை வேண்டாம், தம்பி. கடைசி பிரெட்டில் (விரல் பலகையின் குறுக்குக் கம்பியில்) தடித்த ஈ, மெல்லிய ஜி இரண்டும் தத்தம் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று அளந்து பாருங்கள். ஜி பக்கம் நெருங்கியிருந்தால் பெரும்பாலும் கோணியிருப்பது கழுத்துதான். திருகாணியால் பூட்டிய கழுத்து என்றால், தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, திருகாணிகளையும் கால் சுற்றுத் தளர்த்தி, தலைப்பகுதியை ஈ பக்கமாக மெல்லத் தள்ளி இறுக்குங்கள். ஜி பக்கம் தள்ளினால் இன்னும் மோசமாகும். நான் வலம், இடம் என்று சொல்வதேயில்லை. வலதுகைக்காரரின் காணொளியில் வரும் ‘இடது’ உங்களுக்கு வலது. தந்தியின் பெயரைச் சொன்னால் தலைசுற்றல் இல்லை.

நிலாவெளி: 12ஆம் பிரெட்டில் சுருதி விலகுகிறது.

அந்த பிரெட்டின் நேர்மேலே தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டி ஹார்மோனிக் எழுப்புங்கள். பிறகு அங்கேயே அழுத்தி மீட்டுங்கள். சுருதி காட்டும் ரியூனரில், ஹார்மோனிக்கைவிட அழுத்திய சுரம் கூடினால் பிரிட்ஜில் அந்தத் தந்தி அமரும் சடிலைப் பின்னால் இழுங்கள், குறைந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்த பின்பே பாருங்கள். தந்தி நீளம் 34 அங்குலமான பேஸில், நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் அமரும் பள்ளக்கட்டையிலிருந்து) 12ஆம் பிரெட் 17 அங்குலம். ஆனால் 12ஆம் பிரெட்டிலிருந்து சடில் அதே 17இல் நிற்காது, சற்றுப் பின்னால் போகும், தடித்த ஈ எல்லாவற்றிலும் பின்னால். பழைய தந்தியோடு இதைச் செய்யாதீர்கள். கடற்காற்றில் சடில் திருகாணி துருவேறும். அசையாவிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், முறுக்கி உடைக்க வேண்டாம்.

கிண்ணியா: இடதுகைக் கிற்றாரில், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் கழுத்துக் கம்பியை எதிர்த் திசையில் திருக வேண்டுமா?

இல்லை. வலஞ்சுழியாகத் திருகினால்தான் இறுகும்.

மூதூர்: வலதுகை பேஸையே திருப்பிப் பிடித்தால் என்ன? இடதுகைக் கிற்றார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் செய்தாரே!

அவர் திருப்பியது பேஸை அல்ல, சாதாரணக் கிற்றாரை. தந்திகளையும் மாற்றிக் கட்டினார். பேஸில் ஜிக்கு வெட்டிய நட் பள்ளத்தில் ஈ உட்காராது. வழக்கமான தந்திக் கட்டில் ஜியின் தடிப்பு 0.045 அங்குலம், ஈயின் தடிப்பு 0.105. நட்டையே மாற்ற வேண்டும்.

உவர்மலை: பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கலைஞர் பால் மெக்கார்ட்னியும் திருப்பித்தானே வாசித்தார்?

அவருடைய ஹோஃப்னர் பேஸ் இடதுகைக்கென்றே செய்தது, ஐயா. அதன் பிரிட்ஜ் தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எல்லாத் தந்தியையும் ஒன்றாகக் கழற்றினால் இடம் மாறிவிடும்.

மூதூர்: நட்டை அரத்தால் அகட்டினால்?

ஈக்கு அகட்டலாம். ஆனால் ஜி போய் அமரும் ஈயின் அகன்ற பள்ளத்தை எந்த அரம் சுருக்கும்?

நிலாவெளி: அப்படியானால் பிரிட்ஜுக்குப் புதுத் துளை…

உப்புவெளிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.