எழுத்து தெரிகிறது, சொல் வரவில்லை
(வாசகர் கேள்வி – பதில்)

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இவ்விதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: என் மகன் முதலாம் ஆண்டு பயில்கிறான். எழுத்துகளை வரிசை தவறாமல் ஒப்பிக்கிறான். ஆனால் ‘பால்’ என்ற சொல்லைக் காட்டினால் ‘பா, இல்’ என்று சொல்லிவிட்டு விழிக்கிறான். நானும் கணவரும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்வதால் மாலையில் கிடைக்கும் நேரம் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் மகன் கற்பித்தபடியேதான் செய்கிறான், அம்மா. மெய்யெழுத்தைத் தனியே ஒலிப்பது கடினம் என்பதால் ‘இக், இங், இச்’ என்று முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து மனப்பாடம் செய்விக்கிறோம். சொல்லுக்குள் வரும்போது அந்த இகரம் மறைந்துவிடும் என்பதைப் பெரும்பாலும் யாரும் பிள்ளையிடம் சொல்வதில்லை. அவன் அதையும் சேர்த்தே வாசிக்கிறான். ஆகவே மெய்யெழுத்தைத் தனியாகக் காட்டுவதைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிட்டு, முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டியே காட்டுங்கள்: அல், கல், பல், ஆல், கால், பால், கண், மண், படம், மரம். முதலில் தாளே வேண்டாம். சமைக்கும்போதோ மோட்டார் சைக்கிளில் போகும்போதோ ‘கா’ என்று நீட்டி ‘ல்’ என்று நீங்கள் முடித்துக் காட்ட, அவன் ‘பா’ என்று தொடங்கி முடிக்கட்டும். சொல்லின் கடைசி ஒலியைக் காது பிரித்தறிந்த பிறகு அதன் எழுத்தைக் காட்டினால், ஒப்பித்தது வாசிப்பாக மாறத் தொடங்கும்.

அடுத்த தடுமாற்றம் கெ, கே, கை, கொ போன்றவற்றில் வரும். இவற்றில் கொம்பு கண்ணுக்கு முதலில் தென்படுகிறது, அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசிக்கப் பழகிய பிள்ளை இங்கே குழம்புவது இயல்பே. அ, ஆ, இ, ஈ, உ, ஊ ஒலிகள் சேர்ந்த குறுஞ்சொற்களைத் தயங்காமல் வாசிக்கும் வரை இவற்றைத் தள்ளி வையுங்கள். பிறகு கொம்பையும் எழுத்தையும் ஒரே விரலால் மூடித் திறந்து, ஓர் ஒலியாகவே சொல்லச் செய்யுங்கள். ‘ஒற்றைக் கொம்பு, துணைக்கால்’ என்று பிரித்துச் சொல்வது எழுதும்போது உதவும். வாசிப்பில் அது வேகத்தைக் கெடுக்கும்.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே எழுத்தைப் பக்கம் முழுவதும் எழுதவைப்பதால் கைதான் வலிக்குமேயொழிய வாசிப்பு வளராது என்பது என் திடமான கருத்து.

கேள்வி: தோட்டப் பள்ளியில் படித்த என் மாமனார், பேத்திக்குப் பழைய ‘லை’, ‘னா’ வடிவங்களை எழுதிக் காட்டுகிறார். தடுக்கலாமா?

பதில்: தடுக்க வேண்டாம், பங்கைப் பிரித்துக் கொடுங்கள். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் வடிவங்களை மாற்றித் தமிழக அரசு 1978-இல் ஆணையிட்டது. நம் நாட்டுப் பாடநூல்களும் இன்று அந்தப் புதிய வடிவங்களையே கொண்டுள்ளன. எழுதுவதில் பாடநூலே வழிகாட்டட்டும். தாத்தா கதைகளையும் நாளிதழ்த் தலைப்புகளையும் உரக்க வாசித்துக் காட்டட்டும். வாசித்துக் கேட்ட பிள்ளைக்குச் சொற்கள் முன்பே அறிமுகமாகிவிடுகின்றன. பழைய வடிவம் கோயில் கல்வெட்டிலோ பழைய புத்தகத்திலோ தென்பட்டால், அப்போது அவரே விளக்கட்டும்.

கேள்வி: இரண்டாம் ஆண்டு பயிலும் மகள் சொல்வதெழுதுதலில் ந, ன, ண எழுத்துகளிலும் ர, ற எழுத்துகளிலும் தவறுகிறாள். ‘காற்று’ என்பதைக் ‘காத்து’ என்று எழுதுகிறாள்.

பதில்: அவள் வீட்டில் கேட்பதை எழுதுகிறாள், காது சரியாகவே வேலை செய்கிறது. ‘பேசும்போது காத்து, எழுதும்போது காற்று, பேசும்போது நேத்து, எழுதும்போது நேற்று’ என்று இரண்டையும் அருகருகே சொல்லிக் காட்டுங்கள்.

மற்றவற்றில் பாதிக்கு விதி உண்டு. சொல்லின் முதலில் ந மட்டுமே வரும். ன, ண வாரா. பந்து, வண்டி, கன்று என்னும் மூன்று சொற்களையும் மனத்தில் இருத்தினால், த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன் என்பது தானாகவே விளங்கும். ற தமிழ்ச் சொல்லுக்கு முதலாக வாராது, ர இரட்டிக்காது. ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் பிள்ளைகளுக்கு ஏற்ற எளிய விதி இல்லை. மழை, வாழை, கோழி ஒரு நாள். பள்ளி, வெள்ளி, புள்ளி மறு நாள் என்று கூட்டம் கூட்டமாகப் பார்க்கவிட்டு, மூடிவிட்டு எழுதச் சொல்லி, அவளே திறந்து ஒப்பிட்டுத் திருத்தும்படி விடுங்கள். சிவப்புப் பேனாவை வீட்டில் எடுக்காதீர்கள்.

கேள்வி: பாலர் பள்ளியில் பயிலும் ஆறு வயதுப் பையன் சில எழுத்துகளை இடவலமாகத் திருப்பி எழுதுகிறான். கவலைப்பட வேண்டுமா?

பதில்: இந்த வயதில் அது பல பிள்ளைகளிடமும் காணப்படுவதே. ட, ப, ம போன்ற எளிய வடிவங்களை மணலிலோ பெரிய தாளிலோ விரலால் வரையச் சொல்லி, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் காட்டுங்கள். முதலாம் ஆண்டைக் கடந்தும் அது நீடித்து, வாசிப்பும் முன்னேறவில்லை என்றாலோ, புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தாலோ, வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்; அரசாங்க கிளினிக்கில் கண்களையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.