312 கிலோமீட்டர் ஓடும் என்கிறார் புரோக்கர். கடலூரிலிருந்து சென்னைக்கு நிற்காமல் போகலாமா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் வீடு, புதுச்சேரியில் வேலை. தினமும் போக வர 50 கி.மீ. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சென்னையில் மகள் வீட்டுக்குப் போகவேண்டும். மூன்று வருடம் ஓடிய டாடா நெக்ஸான் மின்சாரக் காரை (30.2 யூனிட் பேட்டரி) ஒரு புரோக்கர் காட்டுகிறார். "கம்பெனியே 312 கி.மீ. என்று சொல்லியிருக்கிறது, நிற்காமல் சென்னை போகலாம்" என்கிறார். மீட்டரிலும் 290 காட்டுகிறது. நம்பி வாங்கலாமா? 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: தினசரி வேலைக்கு இந்தக் கார் தாராளமாகப் போதும். சென்னைக்கு நிற்காமல் போக முடியாது. மற்றபடி கார் நல்ல கார்தான். உங்கள் விஷயத்தில் பிரச்சினை அந்த 312தான்.

அந்த எண் பொய்யில்லை, ஆனால் சாலையில் எடுத்ததும் இல்லை. சோதனைக்கூடத்தில் காரை உருளை மேல் ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு, நிர்ணயித்த வேகங்களில் ஓட்டி அளப்பது. மின்சாரக் கார்களுக்கு நெடுங்காலம் அந்தச் சோதனையின் நகரப் பகுதியை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். அதில் வேகம் 50ஐத் தாண்டாது. பிறகு 90 கி.மீ. வரை போகும் இரண்டாம் பகுதியையும் சேர்த்தார்கள். சேர்த்ததும் அதே நெக்ஸானின் 40.5 யூனிட் மாடல் 465இலிருந்து 390க்கு இறங்கியது. கார் மாறவில்லை, பேட்டரி மாறவில்லை. அந்த மாடலுக்கே, வாடிக்கையாளர்களுக்கு நிஜத்தில் கிடைப்பது 290 முதல் 310 என்று டாடாவே பிறகு தனியாகப் போட்டது. எல்லா கம்பெனியும் இந்த நிஜ எண்ணைத்தான் ஷோரூமில் பெரிதாக எழுதிவைக்க வேண்டும் என்று ஒரு விதி போட அரசுக்கு என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவே இல்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கார் எடுப்பவர் இந்த அளவுமுறையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டா வருவார்?

உங்கள் கணக்கை யூனிட்டில் போடுவோம், வீட்டுக் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட். மூன்று வருடம் ஓடிய 30.2 யூனிட் பேட்டரியில் 28 யூனிட் கையில் இருக்கிறது என்று வையுங்கள். நாலு பேர், ஏசி, 80–85 வேகம் என்றால் யூனிட்டுக்கு ஆறரை முதல் ஏழு கி.மீ. கிடைக்கும். மொத்தம் 180 முதல் 195. திண்டிவனம் வழியாகச் சென்னை ஏறக்குறைய 185. வண்டலூர் வருவதற்குள் வயிறு கலங்க ஆரம்பித்துவிடும்.

நாலுவழிச் சாலை கிடைத்த சந்தோஷத்தில் 100, 110 என்று அழுத்தினால் யூனிட்டுக்கு ஐந்து தேறினால் பெரிது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80இலிருந்து 100க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐப்பசி, கார்த்திகையில் வடக்கு நோக்கிப் போகும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்கும். 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று என்றால், 80இல் போகும் காருக்கு அது 100இல் போவது மாதிரி. போகும்போது சார்ஜ் குறைந்து, திரும்பும்போது மிச்சமாகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

ஏசியைப் பற்றி எல்லோரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். நம் ஊர் புழுக்கத்தில் அது மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும் என்று வையுங்கள். சாலையில் 80இல் போனால் 20 கி.மீ.க்குக் கால் மணி நேரம், கால் யூனிட். சாயங்காலம் மரப்பாலத்திலும் அரியாங்குப்பத்திலும் ஊர்ந்து அதே 20 கி.மீ.யைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனால் முழு யூனிட். வெளியூர்ப் பயணத்தில் ஏசியை அணைத்துவிட்டு வேர்த்து வடிவதில் பெரிய லாபமில்லை. வேகத்தைக் குறையுங்கள்.

அப்புறம், மீட்டரில் காட்டும் 290. உங்களை நான் அதிகம் எச்சரிக்க வேண்டியது இதில்தான். பெரும்பாலான கார்களில் அந்த எண் பேட்டரியை மட்டும் பார்த்துச் சொல்லப்படுவதில்லை. கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினாரோ, அதை வைத்துப் போடும் கணக்கு. இரண்டு நாள் நெல்லிக்குப்பம் ரோட்டில் ஏசி இல்லாமல், தனியாளாக, 35–40இல் உருட்டினால் எண் தானாக ஏறும். முழு சார்ஜ் போட்டு, துடைத்து, உங்களை உட்காரவைத்துத் திரையைக் காட்டுவார்கள். அந்த 290 பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்த வேலையைத் தெரிந்தே செய்கிற புரோக்கர்கள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். ஓடோமீட்டரைத் திருப்புவதைவிட இது சுலபம், சட்டத்திலும் மாட்டாது.

டயரையும் பாருங்கள். "நாலும் புதுசு சார்" என்பார்கள். மின்சாரக் காரோடு கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் உருளும் தடை குறைந்த டயர். அதைக் கழற்றி மலிவானதைப் போட்டால் யூனிட்டுக்கு ஓடும் தூரம் குறையும். பிராண்டும் மாடலும் ஒரிஜினலோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள்.

சோதிக்கும் வழி இதுதான். காரை 90 சதவீதத்தில் வாங்கி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில், ஏசி போட்டு, வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு 40 சதவீதம் வரும்வரை ஓட்டுங்கள். ஓடிய தூரத்தை இரண்டால் பெருக்கினால் அதுதான் முழு சார்ஜுக்கு உங்கள் கையில் கிடைப்பது. "அவ்வளவு தூரமெல்லாம் டிரைவ் கொடுக்க முடியாது" என்று புரோக்கர் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஓட்டிப் பார்த்தபின் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள். செலவு உங்களுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. உத்தரவாதம் எத்தனை வருடம், எத்தனை கி.மீ., இரண்டாவது உரிமையாளருக்கு அது தொடருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று சில கம்பெனிகள் விளம்பரம் செய்வது முதல் உரிமையாளருக்கு மட்டுமே.

கார் புதுச்சேரி நம்பராக இருந்தால், "அப்படியே ஓட்டுங்க, யார் கேட்கப்போறா" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் மின்வாகனச் சாலை வரி விலக்கு பற்றிக் கடலூர் ஆர்டிஓ அலுவலகத்தில் நேரிலேயே விசாரித்துவிடுங்கள்.

இனி 80 சதவீதம். பேட்டரி எப்போதும் நிரம்பியே கிடந்தால் சீக்கிரம் தேயும் என்பது பொதுவாகச் சரி. நீங்கள் பார்க்கும் காரில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, அது இதில் கொஞ்சம் தாங்கும். அவ்வப்போது 100 வரை ஏற்றினால்தான் அதன் சதவீதக் கணக்கும் சரியாக இருக்கும். தினசரிக்கு 80 போதும், சென்னைக்கு முதல் நாள் இரவு 100 ஏற்றுங்கள்.

இதில் ஒரு விலக்கு நம் கரைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. புயல் எச்சரிக்கை வந்தால் 80ஐ மறந்துவிட்டு 100 ஏற்றுங்கள், கரண்ட் இருக்கும்போதே. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் கரை கடந்தபின் கடலூர்ப் பக்கம் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரி தெருக்களில் தண்ணீர் நின்றதையும் பார்த்தோம். அந்த நேரம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் உங்களிடம் இருப்பது பேட்டரியில் ஏற்றிவைத்தது மட்டும்தான். ஏற்றி முடித்ததும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, காரை மேடான இடத்துக்கு நகர்த்துங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் சார்ஜ் போடாதீர்கள். காருக்குள் தண்ணீர் ஏறியிருந்தால், வடிந்தபின்னும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். இழுவை வண்டியில் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் முழு சார்ஜில் நின்றதால் பேட்டரிக்கு வரும் தேய்மானம் ஒன்றும் பெரிதில்லை.

சென்னைப் பயணத்துக்கு மேல்மருவத்தூரை ஒட்டி அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நில்லுங்கள். அங்கே போகும்போது பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும். பாதி இருக்கும்போதே நிற்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆப்பில் 'வேலை செய்கிறது' என்று பச்சையாகக் காட்டும் சார்ஜர் நேரில் செத்துக் கிடக்கும், ஒட்டியிருக்கும் நம்பருக்கு அடித்தால் எடுக்க ஆளிருக்காது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் முன்பணம். ஒரே க்யூஆர் கோடில் எங்கும் டீக்காசு கொடுக்கிற நாட்டில் இதை ஒழுங்குபடுத்த ஏன் இத்தனை வருடம்? அதுவரை, அடுத்த சார்ஜருக்குப் போகும் அளவு சார்ஜ் கையில் இருக்கட்டும். 80 வந்ததும் கிளம்பிவிடுங்கள், அதற்குமேல் வேகம் சரிந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

வீட்டில் 15 ஆம்பியர் பிளக் போதும், முழுதாக ஏற ஓர் இரவு ஆகும். வாங்கும் முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி அறிக்கை கைக்கு வரும்வரை புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.