தாத்தா குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டது. நன்றாகத்தான் பேசுகிறார். தாதி ஏன் இரவெல்லாம் எழுப்பிப் பார்க்கிறார்?

அந்த நல்ல பேச்சுதான் ஏமாற்றும். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கி, மண்டையோட்டுக்குள் இடம் கூடிவிடும். ரத்தம் கசிந்தாலும் அறிகுறி தெரிய நேரமாகும், சில சமயம் வாரக்கணக்கில். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கசிவு லேசில் நிற்காது. அதனால் சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 15க்கு 15 வந்தாலும் விடமாட்டோம். கண் பாப்பாவில் டார்ச் அடிப்போம், இரண்டு கையாலும் எங்கள் விரலை இறுக்கச் சொல்வோம்.

என்னைக் கேட்டால், முக்கியமான கேள்வி வீட்டாருக்குத்தான்: "வழக்கமாகவே இப்படியா?" எங்கள் வார்டில் ஒரு தாத்தா, தான் தேக்கா சந்தையில் இருப்பதாகச் சொன்னார். மறதி நோய் என்றே நினைத்தோம். "நேற்றுவரை என் பெயர் சொல்வாரே" என்றார் அவர் வீட்டுப் பணிப்பெண். அப்புறம்தான் அவசரமாக மறுபடி சிடி ஸ்கேன்.

வீடு திரும்பிய பிறகு வாந்தி, அதிகத் தூக்கம், ஒரு பக்கம் பலவீனம் தெரிந்தால், சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995.